நாயை மட்டும் கூட்டிக்கொண்டு தனியாகப் படகுப் பயணம் போகலாமா?

"கூட வர யாரும் இல்லை, ஒரு நாய் மட்டும் இருக்கிறது. சின்னதாக ஒரு படகுப் பயணம் போக ஆசை. யாராவது போயிருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் போயிருக்கிறேன். போன வருஷம் அக்டோபர் நடுவில், ஐந்து நாள். படகில் நானும் என் நாய் மணியும்தான். கடலும் இல்லை, ஆறும் இல்லை, ஒரு கால்வாய். இங்கிலாந்தில் எல்லெஸ்மியர் என்ற சிற்றூரில் கிளம்பி வேல்ஸில் இருக்கும் லாங்கோலென் வரை, சுமார் 30 கிலோமீட்டர். காரில் அரை மணி நேரம். படகில் எங்களுக்கு மூன்றாம் நாள் மத்தியானம்தான் ஊர் வந்தது.

நாய் கயிறு பிடிக்காது, மதகு திறக்காது. அந்த வேலை மொத்தமும் உங்கள் கையில்தான். அதற்கு மேல் ஒரு உயிரைத் தண்ணீர்க் கரையில் வைத்துக் காபந்து பண்ணும் வேலையும் சேர்ந்துகொள்ளும். இதை மனசில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

நான் செவிலியர். இந்த இங்கிலாந்து-வேல்ஸ் எல்லைப் பக்கம் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்காவும் அவர் கணவரும் 45 அடி நேரோபோட் ஒன்று, அதாவது குறுகலான கால்வாய்ப் படகு, வைத்திருக்கிறார்கள். பெயருக்கு ஏற்றபடி ஏழடிக்கும் கொஞ்சம் குறைவான அகலம், இரும்பு உடம்பு, டீசல் எஞ்சின், உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. நாலைந்து தடவை அவர்களோடு போய் சுக்கான் பிடிக்கவும், லாக் என்ற மதகுத் தொட்டியில் படகை ஏற்றி இறக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன். போன வருஷம் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். "குளிர்காலம் வர்றதுக்குள்ள நீயாவது ஒரு தடவை ஓட்டிட்டு வா" என்று சாவியைக் கொடுத்தார்கள். படகின் இன்சூரன்ஸில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகைக்குப் படகு விடுகிறவர்களில் பெரும்பாலோர் தனியாளுக்குத் தர மாட்டார்கள், குறைந்தது இரண்டு பெரியவர்களைக் கேட்பார்கள். நாய் அந்தக் கணக்கில் வராது.

மணிக்கு வயசு ஏழு. லாப்ரடாரும் வேறென்னவோவும் கலந்த கறுப்பன், 24 கிலோ. கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடத்திலிருந்து எடுத்து வந்தோம். வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருவான். அந்தக் குணம்தான் என்னைக் கிளம்ப வைத்தது. கண்ணில் பட்ட வாத்துக்குப் பின்னால் பாய்கிற நாயாக இருந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன்.

முதல் நாள் மத்தியானம் கிளம்பினோம். சுக்கான் பிடிப்பவர் நிற்கும் பின் தளத்தில், என் இடது காலுக்குப் பக்கத்தில், ஊரிலிருந்து கொண்டுவந்த கயிற்று மிதியடியைப் போட்டேன். இரும்புத் தளம் ஈரத்தில் வழுக்கும், நாய்க்குப் பிடிமானம் கிடைக்காது. தென்னைநாரில் நகம் நன்றாகப் பிடிக்கிறது. பத்து நிமிஷத்தில் அது அவன் இடம் ஆகிவிட்டது. நாயின் கழுத்துப் பட்டையைப் படகோடு கட்டிவிடாதீர்கள். கட்டிய நாய் தவறி விழுந்தால் கழுத்தோடு தொங்கும், இல்லையென்றால் தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் எஞ்சின் காற்றாடிக்கு அடியில் இழுபட்டுப் போகும். முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டையைப் போட்டு, பட்டை இல்லாமல் உட்கார வைப்பதுதான் சரி.

இலையுதிர் காலத்தில் இந்தக் கால்வாய் அத்தனை அழகு. இரு கரை மரங்களும் மஞ்சளும் செம்பழுப்புமாக நிற்கும், தண்ணீர் மேலே இலை ஜமுக்காளம் விரித்த மாதிரி கிடக்கும். ஆனால் அந்த இலைதான் படகுக்குப் பகை. காற்றாடியில் சுற்றிக்கொள்ளும், எஞ்சின் முனகும், சுக்கான் கனக்கும், படகு நின்று போனது போல இருக்கும். ஒரு நொடி ரிவர்ஸ் போட்டு மறுபடி முன்னால் தள்ளினால் இலையெல்லாம் உதறிக்கொண்டு வெளியே வரும். முதல் நாள் மட்டும் முப்பது தடவையாவது இதைச் செய்திருப்பேன். சத்தம் மாறும்போதெல்லாம் மணி தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பான். "ஒண்ணுமில்லடா, இலைதான்" என்று சொன்னால் மறுபடி தலையைச் சாய்ப்பான்.

இந்தப் பாதையில் லாக் இரண்டுதான், இரண்டும் நியூ மார்ட்டனில். லாக் என்றால் எதிரெதிரே இரண்டு மதகு, நடுவில் படகு நிற்கிற அளவுக்கு ஒரு கல் தொட்டி. கீழ்க்கதவு வழியாகப் படகை உள்ளே விட்டு, கதவை மூடி, மேல்பக்கத்து ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் நிரம்பும், படகு ஏறும். வழக்கமாக ஒருவர் படகில் நிற்பார், ஒருவர் கரையில் இரும்புக் கைப்பிடியால் ஷட்டரைச் சுற்றுவார். தனியாளாக இருந்தால் படகின் நடுக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே தொட்டிச் சுவரில் இருக்கும் ஏணியில் ஏற வேண்டும், கதவை மூட வேண்டும், கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் ஷட்டரைத் தூக்க வேண்டும். அதையும் பாதிதான் தூக்க வேண்டும். அவசரப்பட்டு முழுசாகத் திறந்தால் தண்ணீர் வேகத்தில் படகு முன்னும் பின்னும் மோதும்.

அந்த நேரம் முழுக்க மணி உள்ளே, கதவு சாத்தி. இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆழமான தொட்டி, வழுக்குகிற கல் விளிம்பு, கரையில் ஓடியாடும் எஜமானி, இது மூன்றும் இருக்கிற இடத்தில் நாயை அவிழ்த்து விடக் கூடாது. முதல் லாக்கில் ஊளையிட்டான். இரண்டாவதில் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, சுவர் கீழே இறங்குவதைப் பார்த்தபடி இருந்தான். இரண்டு பேர் இருந்தால் கால் மணி நேரத்தில் முடியும் வேலை, எனக்கு ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. லாக் தாண்டி, கட்டுவதற்கு நல்ல இடம் பார்த்துப் படகைக் கரை ஓரம் கொண்டுவந்தேன். மணிக்கு மிதவைச் சட்டையைக் கழற்றிவிடலாமா என்று கை போனது, கட்டி முடித்த பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். படகை நிறுத்த ரிவர்ஸ் போட்டிருந்தேன். கரைக்கும் எங்களுக்கும் இன்னும் ஒரு மீட்டர் இடைவெளி. தரையைப் பார்த்ததும் அவன் தாவினான். முன்கால் இரண்டும் கரைக் கல்லில் பட்டன. கல் மேலே நனைந்த சிகமோர் இலை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், ஒன்றன் மேல் ஒன்றாக. கால் அப்படியே வழுக்கி, பின் உடம்போடு இடைவெளிக்குள் போய்விட்டான்.

பன்னிரண்டு டன் இரும்பு, மெதுவாகக் கரையைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது. காற்றாடி சுற்றிக்கொண்டிருக்கிறது. கை தானாக கியரை நடுவுக்குத் தள்ளி எஞ்சினை அணைத்தது. கரைக்குத் தாவி, ஈரத் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் படகின் விலாவில் ஊன்றித் தள்ளினேன். படகு நின்றது. குனிந்து சட்டையின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு. மடியில் வந்து விழுந்தான். அவன் இதயம் என் கைக்கு அடியில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் கத்தவே இல்லை, நான்தான் "ஐயோ மணி, ஐயோ மணி" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அதற்குள் படகு நழுவிப் போய்விட்டிருந்தது. நல்லவேளை, நடுக்கயிற்றின் நுனி கரைப் புல்லில் கிடந்தது. இழுத்துக் கட்டி, முளை அடித்து, உள்ளே போய்க் கரி அடுப்பைப் பற்ற வைத்தேன். துண்டு போட்டு அவனைத் துடைக்கத் துடைக்க என் கைதான் நடுங்கியது. வாஞ்சையோடு நக்கினான். எனக்கு மிளகு ரசமும் சோறும். அவனுக்கு அவன் தீனி, மேலே கொஞ்சம் வெறும் சோறு. ராத்திரி எட்டு மணிக்கே இரண்டு பேரும் தூங்கிப்போனோம்.

மறுநாள் காலை கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒரே ஒரு பாடம். படகு கரையைத் தொடும், நான் இறங்குவேன், கயிறு கட்டுவேன், அதுவரை அவன் மிதியடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். "சரி" என்றால்தான் இறங்கலாம். இறங்கினால் ஒரு துண்டு சீஸ். இருபது தடவை செய்தோம். படகு ஏறுவதற்கு முன்னாலேயே வீட்டு வாசற்படியில் பழக்கியிருக்க வேண்டிய பாடம் இது. தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யுங்கள்.

இரண்டாம் நாள் சர்க் என்ற இடத்தில் 1801-இல் கட்டிய கல் பாலம், 70 அடி உயரத்தில் கால்வாயையே தூக்கிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. பாலத்தின் இந்த முனை இங்கிலாந்து, அந்த முனை வேல்ஸ். அதைத் தாண்டியதும் 421 மீட்டர் சுரங்கம். இந்தக் கால்வாயில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற கால்வாய்களில் தண்ணீர் அநேகமாகத் தேங்கி நிற்கும், இதில் ஓடும். லாங்கோலென் பக்கம் டீ என்ற பெயருள்ள ஆற்றிலிருந்து எடுக்கிற தண்ணீர், நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி லிட்டர், கால்வாய் வழியாகவே ஓடி ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து குடிநீராகிறது. ஆகவே போகும்போது எதிர்நீச்சல். சுரங்கம் மாதிரி குறுகிய இடத்தில் படகு தண்ணீரை அடைத்துக்கொள்வதால் இன்னும் மெதுவாகும், எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் ஆள் நடக்கிற வேகம்கூட வராது. மணியை உள்ளே விட்டு விளக்கும் ரேடியோவும் போட்டுவைத்தேன். அப்படியும் இருட்டு முடிகிற வரைக்கும் கதவைச் சுரண்டினான். கொஞ்ச தூரத்தில் இன்னொரு சின்னச் சுரங்கம். அதன் வாய் தெரிந்ததும் அவனாகவே எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

மணி உண்மையிலேயே கைகொடுத்த இடம் வளைவுகள். கால்வாயில் கல் பாலங்களுக்கு அடியில் ஒரு படகுதான் போக முடியும், பல பாலங்கள் திருப்பத்திலேயே இருக்கும், எதிரே வருகிற படகு தெரியாது. என் எஞ்சின் சத்தத்தில் எனக்கு வேறெதுவும் கேட்காது. அவன் காது விறைத்துப் பாலத்தைப் பார்த்தால், ஊதுகுழலை அடித்துவிட்டு வேகத்தைக் குறைப்பேன். இரண்டாம் நாளில் மூன்று தடவை அவன் பார்த்தான், மூன்று தடவையும் எதிரே படகு வந்தது.

அன்று ராத்திரி ஃப்ரான்கசல்ட்டியில் கட்டினோம். மறுநாள் பொன்ட்கசல்ட்டித் தொட்டிப்பாலம். இதற்காகத்தான் நான் இந்தப் பாதையைக் கேட்டு வாங்கினேன். என் ஊர் கன்னியாகுமரி மாவட்டம். மாத்தூர் தொட்டிப்பாலம் எங்களுக்குப் பஸ் ஏறிப் போகிற தூரம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடும், 1966-இல் கட்டியது. சின்ன வயசில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நடத்திக் கூட்டிப்போவார். "கீழ பாக்காத, தண்ணியப் பாத்து நட" என்பார். பொன்ட்கசல்ட்டி 126 அடி, 307 மீட்டர் நீளம், 1805-இல் திறந்தது. தாமஸ் டெல்ஃபோர்ட், வில்லியம் ஜெஸ்ஸப் என்ற இரண்டு பொறியாளர்கள் கட்டியது, 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கல் தூண்களுக்கு மேலே இரும்புத் தொட்டி. தூண் கட்டிய சுண்ணாம்பில் மாட்டு ரத்தம் கலந்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். நம்மூரில் கடுக்காயும் கருப்பட்டியும் கலந்த மாதிரி.

மாத்தூரில் தொட்டிச் சுவர் இரண்டு பக்கமும் உயரம். இங்கே ஒரு பக்கம் நடைபாதையும் கைப்பிடிக் கம்பியும் இருக்கிறது. மறுபக்கம் தண்ணீருக்கு மேலே சாண் உயரம்கூட இல்லாத இரும்பு விளிம்பு, அவ்வளவுதான். பின் தளத்தில் நின்று பார்த்தால் படகு ஆகாயத்தில் போகிறது. கீழே டீ ஆறு, அதன் இரு கரையிலும் பழுத்த மரங்கள், மரத்துக்கு மேலே பறக்கிற காக்கையின் முதுகு தெரிகிறது. மணியை உள்ளே பூட்டியிருந்தேன். அந்தப் பக்கத்து ஜன்னலில் அவன் முகம் இருந்திருக்கிறது. பின்னால் படகில் வந்தவர்கள் எடுத்த படத்தில் பார்த்தேன். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கரை வந்த பிறகுதான் அழுகை வந்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

பின்னால் வந்தவர்கள் என்றேனே, அது முந்தின ராத்திரி எங்களுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த வயசான தம்பதி. அவர்கள் இல்லாவிட்டால் அடுத்த கட்டம் பெரிய பாடாக இருந்திருக்கும். பாலம் தாண்டி இடது பக்கம் செங்குத்தாகத் திரும்பினால் லாங்கோலென் வரைக்கும் சில இடங்களில் கால்வாய் மலைப்பாறையை வெட்டிய ஒற்றைத் தடம். எதிரே படகு வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸில் போக வேண்டும், ஓடும் தண்ணீரில் அது லேசான காரியம் இல்லை. அதனால் படகிலிருந்து ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பார்த்து, வழி இருக்கிறது என்று கை காட்ட வேண்டும். என் படகில் இறங்கி நடக்க யார் இருக்கிறார்கள்? படகைக் கட்டிவிட்டு நானே நடந்து பார்த்துத் திரும்பி வருவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது நுழைந்துவிடலாம். இந்தக் கவலையை ராத்திரி அந்த அம்மாவிடம் சொன்னேன். "நான் தினமும் நடக்கிறவதானே, நீங்க முன்னால வாங்க, எங்க படகு பின்னால வரும். ரெண்டுக்கும் சேர்த்து நான் நடக்கிறேன். உங்க பையனையும் கூட அனுப்புறீங்களா?" என்றார்.

மணி யாரோடும் சட்டென்று போகிறவன் இல்லை. ஆனால் ராத்திரி அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். பட்டையை அவர் கையில் கொடுத்தேன். நீல மழைக்கோட்டும் அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு வாலும் கரைப்பாதையில் முன்னால் போவதைப் பார்த்தபடி பாறைக்கு நடுவே மெதுவாக ஓட்டினேன். பத்தடிக்கு ஒருமுறை அவன் நின்று, படகு வருகிறதா என்று திரும்பிப் பார்த்தான். கடைசி முனையில் அந்த அம்மா கையைத் தூக்கினார், அதே நேரம் அவன் குரைத்தான். மூன்று இடத்திலும் இப்படியே. லாங்கோலெனில் கட்டியதும் அவருக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். மணிக்கு சீஸ் முழுசாக ஒரு வில்லை.

அன்று மத்தியானம் கரை ஓரமாகவே மூன்று கிலோமீட்டர் நடந்து, கால்வாய் பிறக்கிற இடத்துக்குப் போனோம். ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் என்று பெயர், பார்த்தால் அருவி இல்லை, 1808-இல் டெல்ஃபோர்ட் கட்டிய தடுப்பணை. 140 மீட்டர் நீளத்துக்கு ஆற்றின் குறுக்கே வளைந்து கிடக்கிறது. அந்தப் பகுதிக்கு எஞ்சின் படகு போகாது, 1884 முதல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு குதிரை இழுக்கும் படகு ஓடுகிறது. எதிரே வந்த குதிரையைப் பார்த்து மணி என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், அது அவனைத் திரும்பியும் பார்க்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டு போயிற்று.

இலையுதிர் காலத்தில் நாயோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னும் சில விஷயங்கள். கரைப்பாதையில் ஓக் கொட்டையும் குதிரைச் செஸ்ட்நட்டும் கொட்டிக் கிடக்கும். இரண்டும் நாய்க்கு விஷம், வாயில் எதைக் கவ்வுகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். லெப்டோஸ்பிரோசிஸ் என்ற எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், கால்வாய் ஓரத்தில் எலி உண்டு. குடிக்க வீட்டுத் தண்ணீரையே கொண்டு போங்கள். கரி அடுப்பு எரிகிற படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் வேலையாக அழுத்திப் பாருங்கள், தூங்குவது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. அக்டோபர் நடுவில் ஆறேகாலுக்குப் பொழுது சாய்ந்துவிடும், நாலு மணிக்கே கட்ட இடம் தேடத் தொடங்குங்கள். நாய்க்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கரை வேண்டும். அந்தக் கணக்குக்கு ஓட்டினால் உங்கள் உடம்பும் தாங்கும். தனியாளாகச் சுக்கானோடு நிற்கிறவர் சோர்ந்து போனால்தான் தப்பு நடக்கிறது. நான் ஒரு நாளும் சோரவில்லை என்றால் அது மணியின் மூன்று மணி நேரக் கணக்கால்தான்.

நாய்க்கு எஞ்சின் சத்தம் ஆகுமா என்று முன்கூட்டியே ஒரு மணி நேரமாவது படகில் உட்கார வைத்துப் பாருங்கள். வயசாகி மூட்டு வலிக்கிற நாய்க்கும், தண்ணீரைப் பார்த்ததும் குதிக்கிற நாய்க்கும் இது வேண்டாம். நீங்களும் தெரிந்தவர்களோடு சில தடவையாவது போய்ப் பழகாமல் தனியாக எடுக்காதீர்கள். லாக்கில் கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் உள்ளே இருக்கிற கல் திட்டில் மாட்டிக்கொண்டால் படகு மூழ்கிவிடும். அதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தால்தான் மனசில் பதியும்.

திரும்பும்போது தண்ணீரே தள்ளிக்கொண்டு வந்தது. சுரங்கத்தைப் போனதில் பாதி நேரத்தில் தாண்டிவிட்டோம். ஐந்தாம் நாள் சாயங்காலம் எல்லெஸ்மியரில் படகைக் கட்டி, சாமான்களைக் காரில் ஏற்றி, தளத்தைக் கழுவினேன். மிதியடியைக் கடைசியாக எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். மணி அதன் மேல் உட்கார்ந்திருந்தான். கார்க் கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டேன். அசையவில்லை. "வாடா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். என்னைப் பார்த்தான், எஞ்சின் பக்கம் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது.

"சரி" என்றேன். எழுந்து, கரைக்குத் தாண்டி வந்தான்.